மேற்குச் சுவரில் குடியிருக்கத் தடையில்லை

கோல்ஃப் கிளப்பின் வரைபடத்தில் அந்த வீட்டுக்கு வீடு என்று பெயர் இல்லை. தடை எண் 9-அ என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். பந்து போகும் வழியை மறிக்க மைதானத்தில் விட்டுவைத்திருக்கும் எதுவும் தடைதான். 9-ஆ என்பது பக்கத்திலிருந்த மணல் பள்ளம். 9-இ குளம். மூன்று தடைகளில் ஒன்றில் மட்டும் அடுப்பு எரிந்தது.

அதில் மூன்று பேர் இருந்தார்கள். கிளப்பில் குழி வெட்டுகிறவன், அவன் மனைவி, பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகளாகக் கட்டிலோடு கிடக்கும் அவன் அப்பா. குழி வெட்டுகிறவனை எல்லோரும் குழிவெட்டி என்றே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. வேறு பெயர் இருந்ததாக யாரும் புகார் செய்யவில்லை, அவன் உட்பட.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். அடிமேடையில் பந்தை வைத்துக் கம்பால் அடித்து, நடந்து போய் மறுபடி அடித்து, குழியில் தள்ள வேண்டும். குறைந்த அடியில் தள்ளுகிறவர் பெரிய மனிதர். குழி ஒரே இடத்தில் இருந்தால் பெரிய மனிதர்களின் கால் பட்டுச் சுற்றிலும் புல் செத்துவிடும். ஆகவே தினமும் விடியும்போதே குழியை இடம் மாற்ற வேண்டும். அதற்கு நாலேகால் அங்குல அகலத்தில் ஓர் இரும்பு உருளை உண்டு. அதைப் புல்லில் ஊன்றித் திருகி இழுத்தால் மண்ணும் புல்லுமாக ஒரு கட்டை வரும். அந்தக் கட்டையை எடுத்துப்போய் நேற்றைய குழியில் இறக்கி, காலால் நன்றாக மிதித்து மட்டமாக்கி, தண்ணீர் தெளிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் மேடு தட்டும். பந்து இடறும். புகார் வரும். புதுக் குழியில் கிண்ணத்தை இறக்கிக் கொடிக்கம்பை நட்டால் வேலை முடிந்தது. ஒரு குழியை மூட இன்னொரு குழி வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் மொத்த ஞானமும்.

கிளப் வரலாற்றின்படி, அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. ஒன்றுமே இல்லாத அந்த இடத்திலிருந்து நூற்றுப்பத்து வீடுகளை அகற்ற ஏழு மாதம் பிடித்தது. நூற்றொன்பது போய்விட்டன. கடைசி வீட்டுக்கு நாள் குறித்திருந்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. முதல் தலைவர் ஒன்பதாம் அடிமேடையிலிருந்து அடித்த பந்து அந்த வீட்டின் மேற்குச் சுவரில் பட்டு, திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் இருந்த குழியில் ஒரே அடியில் விழுந்தது. அடிமேடையிலிருந்து பார்த்தால் குழி தெரியாது, வீடு மறைக்கும். அதனால் பந்து எப்படிப் போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. தலைவரின் பந்து என்பதால் யாரும் கேட்கவுமில்லை. வீடு அப்படியே இருக்கட்டும் என்று தலைவர் அன்றே ஆணையிட்டார். அன்று அவருக்குப் பை தூக்கிய இருபத்தொரு வயது ஆள்தான் இன்று கட்டிலில் கிடக்கும் அப்பா.

வீடு அப்படியே இருந்தது. அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஓடு உடைந்தால் மாற்றக் கூடாது. தடையின் உயரம் மாறும். வெள்ளையடிக்கக் கூடாது, ஆட்டக்காரரின் கண் கூசும். போட்டி நாட்களில் துணி காயப்போடக் கூடாது. துணி ஆடும் திசை காற்றின் திசையைக் காட்டிக்கொடுத்து, ஆட்டக்காரருக்குச் சட்டவிரோத ஆலோசனை ஆகிவிடும். வீட்டுக்குள் பந்து வந்தால் தொடக் கூடாது. ஆட்டக்காரர் உள்ளே வந்து, கிடந்த இடத்திலிருந்தே அடித்துக்கொண்டு போவார். சுவர்க் கடிகாரம் அப்படித்தான் போனது.

ஒருமுறை ஜன்னல் வழியாக வந்த பந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் விழுந்தது. விதிக்குழு வந்து பாத்திரத்தைச் சுற்றி நின்று நாற்பது நிமிடம் விவாதித்தது. அடுப்பை அணைத்தால் பந்தின் நிலை மாறும் என்று அணைக்கவும் விடவில்லை. கடைசியில் அது "தற்காலிக நீர்நிலை" என்று தீர்ப்பாயிற்று. பந்தை வெளியே எடுத்துப் போட்டு அடிக்க அனுமதித்தார்கள். பாத்திரம் அடிப்பிடித்துக் கருகியது பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

"நம்ம சோறு நீர்நிலையாம்," என்றாள் மனைவி. "நல்லவேள, கப்பல் விடல."

அறுபதாம் ஆண்டை ஒட்டி மைதானத்தை மறுவடிவமைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. இப்போதைய தலைவர் புல்வெளியில் மேடை போட்டுப் பேசினார். உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். தொழிலாளர்கள் பின்னால் நின்றார்கள்.

"அன்பர்களே! மறுவடிவமைப்பு என்றதும் சிலர் அஞ்சுகிறார்கள். நாம் எதையும் மாற்றப் போவதில்லை. மாறிப்போனதை எல்லாம் மாறாததாக மாற்றப் போகிறோம், அவ்வளவுதான். நம் முன்னோடிகள் வந்தபோது இங்கே எதுவும் இல்லை. அந்த எதுவுமில்லாமையை உண்டாக்க அவர்கள் எத்தனை பாடுபட்டார்கள் என்பதை இன்றைய தலைமுறை உணர வேண்டும். நம் தொழிலாளர்களை நாம் குடும்பமாகவே கருதுகிறோம். அதனால்தான் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. குடும்பத்துக்குள் உபசாரம் எதற்கு?"

கைதட்டல் எழுந்தது. குடும்பமும் நின்றுகொண்டே கைதட்டியது.

வடிவமைப்பாளர் வந்து சேர்ந்தார். வரைபலகை, கணினி எதுவும் கொண்டுவரவில்லை. நிலத்தோடு பேசுவதுதான் அவருடைய முறை என்றார்கள். மூன்று நாள் புல்லில் குப்புறப் படுத்து, தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உறுப்பினர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஆடினார்கள். மூன்றாம் நாள் ஏழாம் குழிக்கருகே எழுந்து உட்கார்ந்து கண் கலங்கினார்.

"நிலம் அழுவுது. உள்ளுக்குள்ள ஒரு விசும்பல் கேக்குது."

பக்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குழிவெட்டி தயங்கித் தயங்கிச் சொன்னான். "அது குழாய் கசியுற சத்தங்க. போன மாசமே எழுதிக் குடுத்தேன்."

வடிவமைப்பாளர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "உனக்கு அது குழாயாத் தெரியுது."

குழாயைச் சரிசெய்யக் கூடாது என்று உத்தரவாயிற்று.

பிறகு அவர் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் கிடந்த அப்பாவைச் சுற்றிக்கொண்டு சுவர் சுவராகப் போய் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். மேற்குச் சுவரில் கை வைத்தபோது உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. மற்ற மூன்றிலும் ஒன்றும் ஆகவில்லை.

"இந்த மூணு சுவருக்கும் ஞாபகமே இல்ல," என்றார்.

"சுவருக்கு ஞாபகம் எதுக்குங்க? நின்னா போதாதா?" என்றாள் மனைவி.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அறிக்கையில் 'உள்ளூர் அலட்சியம்' என்ற தலைப்பில் அது வந்தது.

ஒரு வாரத்தில் செயலாளர் கடிதத்தோடு வந்தார். வாசலில் நின்றே படித்தார். உள்ளே வந்தால் தடைக்குள் நுழைந்த கணக்காகிவிடும்.

"முதல் தலைவரின் பந்து பட்டது மேற்குச் சுவர் மட்டுமே என்பதால், அது மட்டுமே வரலாற்றுச் சிறப்புடையது எனக் கண்டறியப்பட்டுள்ளது. ஏனைய மூன்று சுவர்களும் கூரையும் பிற்காலத்தில் கவனிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டவை. வருகிற முப்பதாம் தேதி அவை அகற்றப்படும். மேற்குச் சுவரில் தாங்கள் தொடர்ந்து குடியிருக்க எந்தத் தடையும் இல்லை. வாசலும் அதே சுவரில் அமைந்துள்ளதால் போக்குவரத்துக்குச் சிரமம் இராது."

குழிவெட்டி கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு சுவத்துல எப்படிங்க இருக்கிறது?"

"அத உங்க வசதிப்படி வெச்சுக்கலாம். கமிட்டி தலையிடாது."

"அப்பா படுத்த படுக்கையா இருக்காருங்க. மழை வந்தா?"

"மழைய யாரு தடுக்க முடியும், சொல்லு? மழைக்கு எங்க ஆட்டமே நின்னுபோகுது. நாங்க குறை சொல்றோமா?"

செயலாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் வலப்பக்கம் மட்டும்தான் சிரித்தது. இடப்பக்கம் நான்கு ஆண்டுகளாக வேலை செய்யவில்லை.

"பந்து சுவத்துல படவே இல்லடா," என்றார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"கதவு தொறந்து கெடந்துச்சு. எங்கம்மா இங்க உக்காந்து பாத்திரம் தேச்சுட்டு இருந்தாங்க. பந்து நேரா உள்ள வந்து அவங்க கண்ணுல அடிச்சுது. நான் பையத் தூக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி ஓடி வந்திருந்தேன். அம்மா கண்ணப் பொத்திக்கிட்டு அப்படியே குனிஞ்சுட்டாங்க. சத்தம்கூடப் போடல. அம்மாவப் பாத்தேன். பந்தப் பாத்தேன். பந்தத்தான் எடுத்தேன்."

"எடுத்து?"

"பின்னால ஓடிப் போய் குழியில போட்டேன். போட்டுட்டு, விழுந்துருச்சு விழுந்துருச்சுன்னு கத்துனேன். சுவத்துல பட்டு வந்துச்சுன்னு சொன்னேன்."

"ஏம்ப்பா?"

"அடுத்த வாரம் இடிக்கிறதா இருந்தாங்க. பந்து உள்ள வந்து தொலைஞ்சுதுன்னு தெரிஞ்சா, தொந்தரவு புடிச்ச வீடுன்னு அன்னிக்கே இடிச்சிருப்பான். குழியில விழுந்துச்சுன்னா கைதட்டுவான். கைதட்டுறவன் இடிக்க மாட்டான்."

"பாட்டிக்குக் கண்ணு போனது காய்ச்சலாலன்னு சொன்னியே."

"வேற என்னத்தச் சொல்றது?"

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குழிவெட்டி தரையைப் பார்த்தான். மனைவி மட்டும் நான்கு சுவர்களையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தாள்.

"மாமா, ஒரு பொய்க்கு ஒரு சுவர் தப்பிச்சிருக்கு," என்றாள். "நாலு சுவருக்கு நாலு பொய் சொன்னா என்ன?"

"என்னம்மா சொல்ற?"

"பந்து ஒரு சுவத்துல பட்டதுன்னுதான அவங்க எழுதி வெச்சிருக்காங்க? நாலுலயும் பட்டதுன்னு சொல்லுங்க. கூரையிலயும் பட்டதுன்னு சொல்லுங்க. பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். யாரு இல்லைன்னு சொல்லப் போறா?"

"இவ்வளவு சின்னப் பந்து எத்தன எடத்துலம்மா படும்?"

"தலைவர் பந்துதான மாமா. படும்."

வரலாற்றுக் குழுவுக்கு அவன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான். அப்பாவுக்குப் புதிதாகச் சில நினைவுகள் வந்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. மறுநாளே குழு வந்துவிட்டது. குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். கிளப்பின் வரலாற்றை எழுத அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உறுப்பினர்களில் கைவசம் நேரம் இருந்தவர் அவர்தான். பழக்க தோஷத்தில் அப்பா பேசும்போது வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவமைப்பாளர் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றார்.

"மொதல்ல மேற்குச் சுவர்," என்றார் அப்பா. "அப்புறம் கதவு வழியா உள்ள வந்துச்சு. நேரா கிழக்குச் சுவர்ல, அந்தா அந்த ஆணிக்குக் கீழ."

வடிவமைப்பாளர் ஆணிக்குக் கீழே வட்டம் போட்டார். கையை வைத்துப் பார்த்தார். உடம்பு சிலிர்த்தது.

"ஆமா! இப்போ பேசுது!"

"அங்கேருந்து எகிறி கூரையில. கூரையிலிருந்து வடக்குச் சுவரு. வடக்குலேருந்து தெற்கு. தெற்குல பட்டு அடுப்புமேல ஒரு தட்டு தட்டுச்சு."

"அடுப்புமேலயுமா!" பல் டாக்டர் வேகமாக எழுதினார். "எத்தன தட்டு?"

அப்பா மருமகளைப் பார்த்தார். அவள் சேலை மடிப்பில் மறைத்து இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு," என்றார்.

"அப்போ வீட்டுல யாராச்சும் இருந்தாங்களா?"

யாரும் சொல்லிக் கொடுக்காத கேள்வி அது. அப்பா இந்த முறை மருமகளைப் பார்க்கவில்லை.

"எங்கம்மா இருந்தாங்க."

"அவங்க மேல பட்டுச்சா?"

"பட்டுச்சு."

பல் டாக்டரின் பேனா நின்றது. முகம் வெளுத்துவிட்டது. பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து அவசர அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினார். படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார்.

"பயந்தே போயிட்டேன். தெரியாம ஆள்மேல பட்டா அபராதம் இல்ல. ஆட்டம் செல்லும்."

"கண்ணுல பட்டுச்சுங்க," என்றார் அப்பா.

"எங்க பட்டாலும் இல்ல. ஒடம்பு மொத்தத்துக்கும் ஒரே விதிதான்."

அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைக் கேட்டுத் தரையில் ஒரு வட்டம் போட்டார்கள். போகும்போது பல் டாக்டர் அப்பாவின் கையைக் குலுக்கினார். அது செத்த கை. அவர் கவனிக்கவில்லை.

திட்டம் பலித்தது. முப்பதாம் தேதி இடிக்க யாரும் வரவில்லை. மனைவி அன்று சத்தமாகவே பாத்திரம் தேய்த்தாள். முதல் தேதி செயலாளர் வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று, வீட்டைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

"நான்கு சுவர்களும், கூரையும், அடுப்பும், தரையும் வரலாற்றுச் சிறப்புடையவை எனக் கமிட்டி ஒருமனதாக ஏற்கிறது. இவ்வளவு சிறப்புடைய கட்டடத்தில் மனிதர்கள் வசிப்பது அதன் மதிப்புக்குக் குறைவு. மேலும், தாங்கள் விடும் மூச்சின் ஈரம் பழைய காரைப் பூச்சைச் சேதப்படுத்துவதாக வடிவமைப்பாளர் கண்டறிந்துள்ளார். ஆகவே, குடும்பத்தினர் மூவரும் உடனடியாக மூச்சு விடுவதை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

"ஒரு சுவரா இருந்தப்போ குடியிருக்கலாம்னீங்களே," என்றான் குழிவெட்டி.

"அப்போ அது வெறும் சுவரு. இப்போ அது பாரம்பரியம். நீங்க கேட்டுத்தானப்பா எல்லாம் நடந்துச்சு."

புல் வெட்டும் இயந்திரமும் உர மூட்டைகளும் வைத்திருந்த கிடங்கில் ஒரு மூலையை ஒதுக்கினார்கள். கட்டிலை அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவனும் மனைவியும் தலைமாட்டைப் பிடித்தார்கள். புல் வெட்டும் ஆட்கள் இருவர் கால்மாட்டை. கிடங்குக்குப் போக ஒன்பதாம் புல்வெளியைக் குறுக்கே கடக்க வேண்டும். பாதி தூரம் போனபோது விசில் சத்தம் கேட்டது. அடிமேடையில் ஒருவர் பந்துமுன் நின்றுவிட்டார். ஆட்டக்காரர் பந்துமுன் நின்றுவிட்டால் பார்வையில் படும் யாரும் அசையக் கூடாது.

நின்றார்கள். அவர் பழகுவதற்காகக் கம்பை ஏழு முறை வீசினார். பிறகு கையுறையைக் கழற்றி மாட்டினார். பிறகு பந்தை வேறு பக்கம் திருப்பி வைத்தார். உச்சி வெயில். கட்டிலை இறக்கி வைத்தால் புல்லில் நான்கு குழி விழும், அதற்குத் தனி விதி.

"இந்தாளு கல்யாணத்துல தாலி கட்டவும் இப்படித்தான் யோசிச்சிருப்பானோ," என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் ஆட்டக்காரர் கம்பை வீசினார். பந்து மணல் பள்ளத்தில் போய் விழுந்தது.

மறுநாள் அப்பாவின் பெயருக்கு, அதாவது "9-அ முன்னாள் வசிப்பவர்" என்ற பெயருக்கு, நடத்தை எச்சரிக்கை வந்தது. ஆட்டக்காரர் அடிக்கும் தருணத்தில் இருமியது முதல் குற்றம் என்பதால் மன்னிக்கப்படுவதாகவும், மீண்டும் நடந்தால் மைதானத்துக்குள் ஆறு மாதம் அனுமதி இல்லை என்றும் அதில் இருந்தது.

கிடங்கில் உர நாற்றம் கண்ணை எரித்தது. முதல் நாள் அப்பா கேட்டார், "இங்க மூச்சு விடலாமாடா?"

"விடலாம்ப்பா."

"எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

பதினொரு நாள் விட்டார். பன்னிரண்டாம் நாள் காலையில் நிறுத்தியிருந்தார்.

கமிட்டி அவசரக் கூட்டம் கூட்டி இரங்கல் தெரிவித்தது. ஒன்பதாம் குழியின் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாம் என்று பல் டாக்டர் சொன்னார். கொடி தாழ்ந்தால் ஆட்டக்காரர்கள் தூரத்தைத் தவறாகக் கணிப்பார்கள் என்று ஒருவர் எழுந்தார். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின், கொடி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், உறுப்பினர்கள் மனத்தளவில் அதை அரைக்கம்பத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

எரிவாயு மயானத்தில் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. சாம்பலை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உர மூட்டைகளின் மேல் வைத்தான். மனைவி எடுத்துத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். "உரம்னு நெனச்சு தூவிடப் போறாங்க" என்றாள்.

காட்சியகமாகிவிட்ட வீட்டுக்குள் பொம்மைகள் வந்திருந்தன. அதைத் துடைக்கும் வேலையைக் கிளப் மனைவிக்குக் கொடுத்திருந்தது. போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அடுப்படி வட்டத்தில் பாட்டியை உட்கார வைத்திருக்கிறார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள்.

"கண்ணு?" என்று கேட்டான்.

"ரெண்டும் இருக்கு."

திறப்பு விழாவுக்கு முதல் நாள் செயலாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குத் தலைவர் அதே அடிமேடையிலிருந்து அதே அடிய அடிக்கிறார். வரலாற்று அடி. எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. வீட்டுக்குப் பின்னால குழிகிட்ட நீ மட்டும்தான். என்ன செய்யணும்னு தெரியும்ல?"

"தெரியாதுங்க."

"உங்கப்பா செஞ்சது."

குழிவெட்டி அவர் முகத்தைப் பார்த்தான்.

"தெரியாதுன்னா நெனச்ச? முதல் தலைவரே டைரியில எழுதி வெச்சிருக்காரு. 'பை தூக்குபவன் கெட்டிக்காரன். பந்தைக் குழியில் வைத்துவிட்டான். அவன் வீட்டை விட்டுவிடலாம்'னு. அந்தப் பக்கம் பத்திரமா பெட்டகத்துல இருக்கு. நாலு சுவர்லயும் பட்டதுன்னு உங்கப்பா சொன்னப்போ கமிட்டியில என்ன சிரிப்புங்குற. பாவம், நல்ல மனுஷன்." செயலாளர் அவன் தோளில் தட்டினார். "இந்தா பந்து. தலைவரோட பந்து மாதிரியே அடையாளம் போட்டிருக்கு. அவரு பந்து எங்க போனாலும் நீ பாக்காத."

பந்தை வாங்கிக்கொண்டு கிடங்குக்கு வந்தான். மனைவியிடம் சொன்னான். அவள் தலைமாட்டிலிருந்த டப்பாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

விடிகிற நேரத்தில் ஒன்பதாம் கிரீனுக்குப் போனான். கிரீன் என்பது குழியைச் சுற்றியிருக்கும் மெத்தைப் புல். நேற்றைய குழியின் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கிடங்குக்குப் பின்னால் வெட்டிவந்த புல் கட்டையால் அதை மூடி மிதித்தான். பக்கத்தில் உருளையை ஊன்றித் திருகினான். முதல் கட்டையைப் புல் கலையாமல் ஓரமாக வைத்தான். அதே துளையில் மறுபடி இறக்கித் திருகினான். மூன்றாம் முறையும் திருகினான். கை முழங்கை வரை உள்ளே போயிற்று. டப்பாவைத் திறந்து கவிழ்த்தான். சரியாக இருந்தது. மிச்சம் ஒரு கைப்பிடி இடத்தில் புல் கட்டையை இறக்கினான். கோடுகூடத் தெரியாதபடி ஓரத்தை விரலால் சேர்த்தான். தண்ணீர் தெளித்தான். மிதிக்கக் காலைத் தூக்கினான். தூக்கிய காலைப் பக்கத்தில் வைத்துவிட்டான். கட்டை ஒரு நகக்கனம் மேடாக நின்றது. அதன் ஓரத்தில் கொடிக்கம்பை அப்படியே குத்தி நிறுத்தினான். கிண்ணம் வைக்கவில்லை. குழி என்று ஒன்று அன்று அங்கே இல்லை.

பத்து மணிக்கு வாத்தியம் கேட்டது. தலைவர் பேசுவது வீட்டுக்குப் பின்னாலும் தெளிவாகக் கேட்டது.

"இந்த வீட்டில் வாழ்ந்த எளிய குடும்பத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் இல்லாமல் இந்த வீட்டை இவ்வளவு சுத்தமாக நம்மால் பராமரித்திருக்க முடியாது. அவர்கள் இல்லாமல் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்."

கம்பு பந்தில் பட்ட சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குளத்தில் 'தொளக்' என்று ஒரு சத்தம். அது அவனுக்கு மட்டும் கேட்டது. அவன் பார்க்கவில்லை. வீட்டின் ஓரத்துக்கு வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கையை உயர்த்தினான்.

கைதட்டல் வெடித்தது. சிலர் அழுதார்கள். கூட்டம் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தது. அவன் குனிந்து கொடிக்கம்பைப் பிடுங்கினான். புல்லில் கை வைத்தான். கைக்குள் இருந்த பந்தை எடுத்து உயர்த்திக் காட்டினான். யாரும் கீழே பார்க்கவில்லை. பல் டாக்டர்கூட அவன் வாயைத்தான் பார்த்தார். தலைவர் பந்தை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். புகைப்படக்காரர் அவரை இரண்டடி இடப்பக்கம் நகரச் சொன்னார். நகர்ந்தார். இன்னும் ஓர் அடி என்றார். நகர்ந்தார். அங்கே நின்று பந்தைத் தூக்கிப் பிடித்தார். கனமான மனிதர். பதினேழு படம் எடுத்தார்கள்.

விருந்துக்கு எல்லோரும் போன பிறகு மனைவி துடைப்பத்தோடு வந்தாள். வெற்றுக் கிரீனைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க வெச்சீங்க?"

காட்டினான். அவள் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"தெரியவே இல்லையே. நல்லா மட்டமா இருக்கு. மிதிச்சீங்களா?"

"மனசு வரல. தலைவர் மிதிச்சுட்டாரு."